இனம் யாருடைய தேர்வு?

1919 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துக்கு ஒரு செய்தியாளர் போய் இறங்கினார். வயது 26. பொன்னிறத் தலைமுடி, நீலக் கண்கள், சட்டைப் பையில் சிகாகோ நாளிதழ் ஒன்றின் அடையாள அட்டை. எலைன் என்ற சிற்றூரைச் சுற்றி வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டுவந்த கறுப்பின விவசாயிகள், நியாயமான விலை கேட்டுச் சங்கம் சேர்ந்ததற்காகக் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதை விசாரிக்க வந்தவரை மாநில ஆளுநரே வரவேற்றுப் பேசினார். உள்ளூர் வெள்ளையர்களும் மனம்விட்டுப் பேசினார்கள். ஆனால் வந்தவர் யார் என்ற செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. கறுப்பர் ஒருவர் தெருவில் ரகசியமாக எச்சரிக்க, அவர் ஓடிப்போய் ரயிலேறினார். வெள்ளையன்போல் நடித்துத் திரியும் ஒரு கறுப்பனை இன்று பிடித்துவிடுவார்கள், அந்த வேடிக்கையைப் பார்க்காமல் போகிறீர்களே என்று ரயில் நடத்துநர் அவரிடமே வருத்தப்பட்டாராம். தேடப்பட்டவர் அந்தப் பயணிதான். அவர் பெயர் வால்டர் வைட்.

வைட்டின் முன்னோர் வரிசையில் ஐந்து தலைமுறைக்கு முன்பிருந்த 32 பேரில் 5 பேர் மட்டுமே கறுப்பர்கள். அவர் நியூயார்க்கில் வெள்ளையராகக் கரைந்து போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கரையவில்லை. 1906இல் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களின் வீடுகளைத் தேடித் தாக்கியபோது, 13 வயதுச் சிறுவனாகத் தந்தையின் அருகே துப்பாக்கியோடு காத்திருந்த இரவில்தான் தான் யார் என்பதை உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் சேர்ந்து, அந்த வெள்ளைத் தோலையே உளவுக் கருவியாக்கி, 40க்கும் மேற்பட்ட கும்பல் கொலைகளை நேரில் சென்று விசாரித்தார். 1931 முதல் 1955இல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தார்.

அதே காலத்தில், அதே நியூயார்க்கில், எதிர்த்திசையில் போன ஒருவரும் வாழ்ந்தார். பெல் டா கோஸ்டா கிரீன். பெரும் வங்கியாளர் ஜே. பி. மார்கனின் அரிய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் 1905 முதல் பராமரித்தவர். 1924இல் அது மார்கன் நூலகம் என்ற பொது நிறுவனமானபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். ஐரோப்பிய ஏலக்கூடங்கள் அவரைக் கண்டு நடுங்கின. தன் நிறம் சற்று மங்கலாக இருப்பதற்குப் போர்ச்சுகீசியப் பாட்டி காரணம் என்று சொல்லிவந்தார். அவர் பிறந்தது 1879இல், வாஷிங்டனில், பெல் கிரீனர் என்ற பெயரில். தந்தை ரிச்சர்ட் கிரீனர் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர், வாழ்நாள் முழுவதும் கறுப்பின உரிமைக்குப் பேசியவர். பெற்றோர் பிரிந்த பிறகு தாயும் பிள்ளைகளும் பெயரில் ஓரெழுத்தைக் கழற்றிவிட்டு வெள்ளையர் பக்கம் போனார்கள். இறப்பதற்கு முன் கிரீன் தன் சொந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்துவிட்டார். மார்கனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜீன் ஸ்ட்ரவுஸ் 1999இல் அவருடைய பிறப்புப் பதிவைக் கண்டெடுத்த பிறகே உலகுக்கு விஷயம் தெரிந்தது.

இருவரில் யார் சுதந்திரமாகத் தேர்ந்தவர்? கிரீனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறுப்பினப் பெண் ஒருவரை அந்த நூலகத்தின் வாசலில் எந்த வேலைக்கு அனுமதித்திருப்பார்கள் என்பதை யோசித்தால் போதும். வைட்டின் துணிவு வணங்கத்தக்கது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாசல்களில் எதற்குள் நுழைவது என்பதை இருவருமே முடிவு செய்தார்கள். இரண்டே வாசல்கள்தான் இருக்க வேண்டும் என்பதையோ, ஒன்றுக்குள் நுழைந்தவர் மற்றதிலிருக்கும் தந்தையை மறுத்தாக வேண்டும் என்பதையோ அவர்கள் முடிவு செய்யவில்லை. இன அடையாளத்தில் தனிமனிதத் தேர்வுக்கு இடமுண்டா என்ற கேள்வியைவிட, அந்தத் தேர்வுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியே நமக்குக் கூடுதலாகச் சொல்கிறது என்று நான் கருதுகிறேன்.

வைட்டின் தந்தை அட்லாண்டாவில் தபால்காரர். 1931இல் அவர்மீது கார் மோதியது. வெள்ளைத் தோற்றத்தைப் பார்த்து, வசதிகள் நிறைந்த வெள்ளையர் பிரிவில் சேர்த்து மருத்துவர்கள் அக்கறையோடு சிகிச்சை தொடங்கினார்கள். மாநிறத்து மருமகன் பார்க்க வந்தார். அவ்வளவுதான். மழையில், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த கறுப்பர் பிரிவுக்கு நோயாளியை மாற்றிவிட்டார்கள். அங்கேதான் அவர் இறந்தார். அந்தச் சில நிமிடங்களில் அவருடைய உடலில் எதுவும் மாறவில்லை. உறவினர் ஒருவர் வந்தார், அதனால் இனம் மாறியது.

வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கும் இந்தக் கோட்டைக் கிழித்ததில் முதல் பங்கு சொத்துரிமைக்கு. ஆங்கிலேயச் சட்ட மரபில் பிள்ளை தந்தையின் நிலையைப் பெறும். வர்ஜீனியாக் குடியேற்றம் 1662இல் அதைத் தலைகீழாக்கி, அடிமைப் பெண்ணின் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று சட்டமியற்றியது. முதலாளி தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை, அவருக்கு மகனோ மகளோ ஆகாமல், அவருடைய உடைமைக் கணக்கில் ஓர் எண்ணாகக் கூடியது.

ஆனால் அடிமை நிலையும் இனமும் அப்போது ஒன்றாகவே இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. வர்ஜீனியாவின் 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னோரில் கால் பங்குக்குக் குறைவாகக் கறுப்பு இருந்தால் ஒருவர் வெள்ளையர். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சனுக்கும் அவருடைய அடிமை சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்து வளர்ந்த நான்கு பிள்ளைகளும் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர்கள். சட்டத்தின் பார்வையில் வெள்ளையர்கள், ஆனாலும் அடிமைகள். பெவர்லியும் ஹாரியட்டும் 1822இல் ஜெபர்சனின் பண்ணையை விட்டுப் போய் வெள்ளையராக வாழ்ந்தார்கள். மேடிசன் ஓஹையோவில் கறுப்பர்களோடு தங்கி, 1873இல் தன் பிறப்பின் கதையைப் பத்திரிகைக்குச் சொன்னார். எஸ்டன் 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெபர்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டு வெள்ளையரானார். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள், இரு இனங்களின் மூதாதையர்கள். மேடிசன் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்ப மறுத்தார்கள். 1998இல் எஸ்டனின் வழித்தோன்றல் ஒருவரின் மரபணு சோதிக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது.

அடிமைமுறை ஒழிந்த பிறகுதான் கோடு இறுகியது என்பது முதலில் வியப்பளிக்கும். எஜமானன் யார், அடிமை யார் என்பதைப் பத்திரமே சொல்லிவந்த காலம் போனதும், அந்த வேலையை இரத்தத்தின் தலையில் சுமத்தினார்கள். வர்ஜீனியா 1910இல் கால் பங்கைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தது. 1924இல் இனத் தூய்மைச் சட்டம், வேற்று இரத்தத்தின் சுவடே இல்லாதவர் மட்டும் வெள்ளையர் என்றது. ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள். பதினாறில் ஒரு பங்குவரை அமெரிக்கப் பூர்வகுடி இரத்தம் இருந்தால் பரவாயில்லை. மாநிலத்தின் மேட்டுக்குடிக் குடும்பங்கள் சில, பொகஹாண்டஸ் என்ற பூர்வகுடி இளவரசியின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிவந்தன. அவர்களுக்காகவே அறிவியல் வளைந்துகொடுத்தது.

சட்டத்தைவிட எனக்கு அச்சமூட்டுவது அதை நடைமுறைப்படுத்திய எழுத்தரின் ஊக்கம். பிறப்பு இறப்புப் பதிவகத்தின் தலைவர் வால்டர் பிளெக்கர் 1912 முதல் 1946வரை அந்த நாற்காலியில் இருந்தார். பூர்வகுடிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்மையில் மாறுவேடக் கறுப்பர்கள் என்பது அவர் முடிவு. குடும்பப் பெயர்களின் பட்டியலை மாவட்டங்களுக்கு அனுப்பினார். மருத்துவச்சிகளையும் பள்ளி நிர்வாகிகளையும் கடிதத்தில் மிரட்டினார். பிறப்புச் சான்றிதழ்களைத் திருத்தினார். வர்ஜீனியாவின் பூர்வகுடிகள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் இருந்தபடியே காகிதத்திலிருந்து மறைந்துபோனார்கள். பிற்காலத்தில் மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டபோது, தொடர்ச்சியான ஆவணம் எங்கே என்று அவர்களிடமே கேட்கப்பட்டது. ஆறு குடிகளுக்கு அந்த அங்கீகாரம் 2018இல்தான் கிடைத்தது, அதுவும் நாடாளுமன்றத்தின் தனிச் சட்டம் வழியாக.

தனிமனிதத் தேர்வு இந்த அமைப்பின் முன் கைகட்டி நின்றது என்று சொன்னால் அதுவும் தவறு. 1892 ஜூன் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். எட்டில் ஏழு பங்கு வெள்ளையரான அவர் சும்மா இருந்திருந்தால் யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். தான் கறுப்பர் என்று அவரே சொல்லிக் கைதானார். உள்ளூர்க் குடிமக்கள் குழு ஒன்று ரயில் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தகவல் தந்து நடத்திய போராட்டம் அது. கண்ணால் பிரித்தறிய முடியாததைச் சட்டம் எப்படிப் பிரிக்கும் என்பதே அவர்கள் கேள்வி. வெள்ளையர் என்ற மதிப்பு ஒரு சொத்து, அதை விசாரணையின்றி ஒரு நடத்துநர் பறிக்க முடியுமா என்று வழக்கறிஞர் ஆல்பியன் டர்ஜே உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். 1896இல் ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவர்கள் தோற்றார்கள். பிரித்துவைத்தாலும் சமம்தான் என்ற கோட்பாடு 1954வரை நாட்டை ஆண்டது. லூசியானா ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கியது 2022இல்.

இனி இந்தியர்களின் கதைக்கு வரலாம். 1790ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே வழிவிட்டது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர்கள் இரண்டுக்கும் நடுவில் தொங்கினார்கள். இருபதாண்டு அமெரிக்காவில் வாழ்ந்து, வீட்டில் ஆங்கிலமே பேசிய ஜப்பானியர் தகாவோ ஒசாவா, தன் தோல் வெள்ளையாகவே இருக்கிறது என்று வாதிட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம், தோல் நிறம் அளவுகோல் ஆகாது என்றது. மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் அவர். உங்கள் அறிஞர்களே வட இந்தியரைக் காக்கேசியர் என்கிறார்களே என்று கேட்டார். அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், அறிஞர்கள் சொல்வதை விடுங்கள், சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று புரிந்துகொள்கிறாரோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்பெழுதினார். அறிவியல் உதவியபோது அறிவியல், உதவாதபோது பொதுப்புத்தி.

திந்தின் வாதத்தில் இன்னொரு பகுதியைத் தமிழர்கள் நின்று படிக்க வேண்டும். தான் உயர்சாதி ஆரியர் என்றும், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை மணக்கக் கூசுவதுபோலவே உயர்சாதி இந்தியரும் நாட்டின் பழங்குடிகளை மணக்கக் கூசுவார் என்றும் அவர் தரப்பு வாதிட்டது. வெள்ளை இனத்துக்குள் நுழையச் சாதி ஒரு சான்றிதழாக நீட்டப்பட்டது. ஆரியர் கறுத்த திராவிடரோடு கலந்துவிட்டனர், அந்தக் கலப்பைத் தடுப்பதில் சாதி விதிகள் முழு வெற்றி பெறவில்லை என்று நீதிமன்றம் பதிலளித்தது. இரு தரப்புக்கும் எந்தச் சச்சரவும் இல்லாமல் ஒத்துப்போன ஒரே இடம், கீழே இருப்பவர் யார் என்பதுதான். ஒடுக்கப்பட்டவரின் தேர்வு இன்னொருவரின் முதுகில் ஏறி நிற்கும்போது அதையும் பெயர் சொல்லிச் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியருக்கு வழி மறுபடி திறந்தது 1946இல். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியர்களைக் கேட்காமலேயே வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. அப்போது அமெரிக்காவில் வாழும் இந்தியர்களின் சங்கம் ஒன்று அரசிடம் போய், எங்களை வெள்ளையரில் சேர்க்காதீர்கள், சிறுபான்மையாக எண்ணுங்கள் என்று மனுச் செய்தது. சிவில் உரிமைச் சட்டங்கள் வந்த பிறகு, பாகுபாட்டை நிரூபிக்க எண்ணிக்கை தேவைப்பட்டது. 1980 படிவத்தில் 'ஏசியன் இண்டியன்' என்ற பெட்டி வந்தது. அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே மக்கள் நேரெதிரான இரண்டு கோரிக்கைகளை வைத்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்று தள்ளுவது எளிது. உரிமை எந்த வாசலில் வழங்கப்பட்டதோ அந்த வாசலுக்குப் போனார்கள் என்றே நான் படிக்கிறேன். சிரிய அரேபியர்கள் 1915இல் நீதிமன்றத்தில் வெள்ளையர் தகுதியை வென்றார்கள். அரபு அமெரிக்கர்கள் பல்லாண்டு கேட்ட தனிப்பிரிவு 2024இல் அரசு விதிகளில் இடம்பெற்றது.

இதன் மறுபக்கமாக, கறுப்பர்கள் சிலர் இந்தியர் ஆனார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த கறுப்பினப் பாதிரியார் ஜெஸ்ஸி ரூட்டே 1943இல் அலபாமாவின் மொபைல் நகருக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பினார். 1947இல் தலைப்பாகை கட்டி, பேச்சின் தொனியை மாற்றிக்கொண்டு மறுபடி போனார். உணவகங்களில் மரியாதையோடு பரிமாறினார்கள். மிசௌரியில் பிறந்த கறுப்பின இசைக்கலைஞர் ஜான் ரோலண்ட் ரெட், தலைப்பாகையும் நெற்றியில் நகையும் அணிந்து, டெல்லியில் பிறந்த கோர்லா பண்டிட் என்ற பெயரில் 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில் ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்றார். 1998இல் இறக்கும்வரை வேடத்தைக் கலைக்கவில்லை. அதே தோல், ஒரு முழத் துணி, வேறு நாடு.

இதோடு ஒப்பிட, சமூகவியலாளர் மேரி வாட்டர்ஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வு உதவும். கலிபோர்னியா, பென்சில்வேனியா புறநகர்களில் வாழும் வெள்ளைக் கத்தோலிக்கர்களிடம் பேசியபோது, அவர்கள் பல மரபுகளிலிருந்து பிடித்ததை எடுத்துக்கொள்வதைக் கண்டார். பாட்டி இத்தாலியர், தாத்தா ஜெர்மானியர், ஆனாலும் நான் ஐரிஷ் என்பார்கள். அதனால் வேலையோ வாடகை வீடோ போவதில்லை. விரும்பும் நாளில் அணியலாம், விரும்பாத நாளில் கழற்றலாம். சிக்கல் எங்கே என்றால், தங்கள் அனுபவத்தைக் கொண்டே அவர்கள் கறுப்பரையும் அளக்கிறார்கள். நாங்கள் பெரிதுபடுத்தாததை நீங்கள் ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். செலவில்லாத தேர்வைப் பெற்றவர்களுக்கு எல்லாருடைய அடையாளமும் தேர்வாகவே தெரிகிறது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1960வரை, கணக்கெடுக்க வந்தவரே முகத்தைப் பார்த்து இனத்தை எழுதிக்கொண்டார். பிறகு படிவம் தபாலில் வந்தது, மக்களே நிரப்பினார்கள். கலப்பு மணப் பிள்ளைகளின் பெற்றோர் 1990களில் போராடியதால் 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் குறியிட முடிகிறது. அவ்வாண்டு 2.4 சதவீதத்தினர் அப்படிச் செய்தார்கள். 2020இல் அது 10.2 சதவீதம். திடீரென்று இவ்வளவு பேர் கலப்பினத்தவர் ஆகிவிடவில்லை. கேள்வியின் வடிவத்தையும் பதில்களைக் குறியீடு செய்யும் முறையையும் மாற்றியதற்கு இந்த உயர்வில் பங்குண்டு என்று கணக்கெடுப்புத் துறையே சொல்லியிருக்கிறது.

பெட்டிகள் பெருகியபோதும் பழைய கோடு எளிதில் அழிவதில்லை. வெள்ளைத் தாய்க்குப் பிறந்த பராக் ஒபாமா 2010 படிவத்தில் கறுப்பர் என்ற ஒரே பெட்டியில் குறியிட்டார். கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண், தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர். தன் மகள்களை இந்த நாடு கறுப்பர்களாகவே பார்க்கும் என்பதைத் தாய் அறிந்திருந்தார், அதற்கேற்பத் தன்னம்பிக்கையோடு வளர்த்தார் என்று ஹாரிஸ் தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். மன்னார்குடி அருகே, தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை செய்தவர்கள் அவரைத் தங்கள் பெண்ணாகக் கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் டொனால்ட் டிரம்ப், அவர் இத்தனை நாள் இந்தியராக இருந்து இப்போது கறுப்பராக மாறிவிட்டார் என்றார். ஹாரிஸ் படித்தது கறுப்பர்களுக்கென்று தோன்றிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். சியாமளா செய்தது, அமைப்பு தன் பிள்ளைகள்மீது சுமத்தப்போகும் பெயரை முன்கூட்டியே எடுத்து, அதை அவர்களுக்குச் சொந்தமாகவும் மதிப்பாகவும் ஆக்கிக் கொடுத்தது. நான் அறிந்தவரை, இந்த விஷயத்தில் தனிமனிதத் தேர்வு எட்டக்கூடிய உயரம் அதுதான்.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் கூர்மையான ஒன்றைக் காட்டுகின்றன. 2000, 2010 கணக்கெடுப்புகளில் ஒரே நபரின் பதில்களை இணைத்துப் பார்த்த கரோலின் லீப்ளர் குழு, சுமார் 16 கோடிப் பேரில் 6 சதவீதத்தினர் பத்தாண்டுகளில் தங்கள் இனப் பதிலை மாற்றியிருப்பதைக் கண்டது. ஆலியா சாப்பர்ஸ்டீன், ஆண்ட்ரூ பென்னர் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணம். 1979இல் தொடங்கிய இளைஞர் கருத்தாய்வில் பேட்டி எடுப்பவர்கள் 1998வரை ஒவ்வொரு முறையும் எதிரிலிருப்பவரின் இனத்தைத் தாங்களே குறித்துவந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஒருமுறையாவது அந்தக் குறிப்பு மாறியிருந்தது. மாற்றம் தற்செயலாக நிகழவில்லை. சிறைக்குப் போனவர், வேலை இழந்தவர், வறுமையில் விழுந்தவர் அடுத்த பேட்டியில் வெள்ளையராகப் பதிவாகும் வாய்ப்பு குறைந்தது, கறுப்பராகப் பதிவாகும் வாய்ப்பு கூடியது. இனம் ஒருவருடைய நிலையை முடிவு செய்கிறது என்பது நாம் அறிந்தது. நிலையும் இனத்தை முடிவு செய்கிறது.

சாப்பர்ஸ்டீனும் பென்னரும் ஆண்ட்ரூ நோய்மரும் 2011இல் இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் இறந்தவரின் இனத்தைப் பொதுவாக ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனத்தார் நிரப்புகிறார்கள். அந்தப் பதிவையும் நெருங்கிய உறவினர் சொன்னதையும் ஒப்பிட்டபோது, குடியோடு தொடர்புபடுத்தப்படும் சிரோசிஸ் என்ற கல்லீரல் நோயால் இறந்தவர்கள் பூர்வகுடிகள் என்றும், கொலையுண்டவர்கள் கறுப்பர்கள் என்றும் பதிவாகும் போக்கு மிகுந்திருந்தது. குடி என்றால் பூர்வகுடி, கொலை என்றால் கறுப்பர் என்ற முன்முடிவு எழுதுபவரின் பேனாவில் இருந்தது. இந்தச் சான்றிதழ்களைக் கூட்டித்தான் எந்த இனத்தவர் எதனால் இறக்கிறார்கள் என்ற தேசியப் புள்ளிவிவரம் தயாராகிறது.